அல்பின் வல்சாண்டரின் பூர்வீக ஊர்

மகள் சொன்னது இரண்டு நாள் பயணம். அல்பின் வல்சாண்டரோ குளிர்காலக் கம்பளிக் கோட்டைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்தார். வெளியே ஜூன் மாத வெயில் ஆப்பிள் தோட்டங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு மேல் உள்ளாடைகள் அத்தனையும், பனியில் நடக்கிற பூட்ஸ், சவர சாமான்கள், காலமான மனைவி ஹேடியின் கண்ணாடி போட்ட படம். பெட்டி மூட மறுத்தது. முழங்காலை ஊன்றி அழுத்தி ஒரு வழியாகப் பூட்டினார். எழுபது தாண்டி எண்பதை எட்டப்போகிறவர் செய்கிற காரியமில்லைதான். ஆனால் யாரை உதவிக்குக் கூப்பிடுவது? கூப்பிட்டால் எதற்கு இவ்வளவு என்று கேட்பார்கள்.

பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வூட்ரிக் அம்மாளிடம் போனார். இரண்டு நாளைக்கு நானே வந்து பால் வைத்துவிட்டுப் போகிறேனே, இதை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டாள். அல்பின், ராத்திரியில் கட்டிலில் ஏறிப் படுக்கும், விரட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். வந்து சமையலறைத் தரையைத் துடைத்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

எல்லாம் இந்த அடுப்பால் வந்த வினை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் பாலை ஏற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர், மரத்தில் காய்ந்த கிளைகளைக் கழித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். தெருவில் தீயணைப்பு வண்டி வந்து நின்றபோது யார் வீட்டுக்கு வருகிறது என்று வேடிக்கை வேறு பார்த்தார். ஒரு சுவர் கரியானதோடு போயிற்று. மகள் கோர்டுலா வின்டர்தூரிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்தாள். திட்டவில்லை. தானே சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தாள். திட்டித் தீர்த்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு வாராவாரம் வந்தாள், குளிர்பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், மாத்திரை டப்பாவைக் கிளறினாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள் அவள். எதையும் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தே பழக்கம்.

ஒரு நாள் அவள் நடையில் நின்று போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "அப்பாவுக்குத் தனி ரூம் வேணும். ஆமா, கஃப்லூன்லதான்." அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் அல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் உள்ளே வந்து, அப்பாவின் பூர்வீக ஊருக்கு ஒரு பயணம் போகிறோம், அதுதான் பிறந்தநாள் பரிசு என்று சிரித்தாள். அவர் பிறந்தநாள் அக்டோபரில் வருகிறது. அக்டோபரில் அங்கே பனி விழுந்துவிடும், அதனால்தான் முன்னதாகவே என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

எங்கள் சுவிஸ் நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒருவன் பிறந்த ஊரைப் போட மாட்டார்கள். அவன் குடும்பப் பெயர் எந்த ஊரில் முளைத்ததோ அந்த ஊரைத்தான் போடுவார்கள். அந்த ஊரின் பக்கமே எட்டிப் பார்க்காமல் செத்துப்போகிறவர்கள் ஏராளம். இன்றைக்கு அது வெறும் எழுத்து, வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிற சமாச்சாரம். அல்பின் சிறுவனாக இருந்தபோது அப்படியில்லை. ஒருவன் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனால், அவன் உழைத்த ஊர் கைகழுவிவிடும். உன் பெயருக்கு எந்த ஊரோ அங்கே போ என்று வண்டியேற்றிவிடும். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அல்பினின் அப்பா துர்காவ் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுச் செத்தார். அம்மா அந்த ஆலை ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் புருஷனுக்கு எது பூர்வீக ஊரோ அதுதான் பெண்டாட்டிக்கும் என்பது அப்போதைய சட்டம். பிறந்த தெருவில் நின்றுகொண்டே அவள் வெளியூர்க்காரி ஆனாள். மலைமேல் இருக்கிற கஃப்லூனிலிருந்து ஒரு ஆள் வந்தார். கண்ணால் கண்டிராத அந்த ஊரின் ஏழை விடுதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். எட்டு வயதுப் பையனை, அவனை வைத்துக்கொள்ள ஊர் நிர்வாகத்திடம் எல்லாரையும்விடக் குறைந்த கூலி கேட்ட ஒரு பண்ணைக்காரரிடம் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் அம்மா. எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அவள் அங்கேயே செத்துப்போன செய்தியைப் பண்ணைக்காரர் மாடு கறந்துகொண்டே சொன்னார். அதற்குப் பிறகு பையன் வாளியைக் கவிழ்த்தாலும், விடிந்தபின் எழுந்தாலும், ஒரே மிரட்டல்தான். கஃப்லூனுக்கு அனுப்பிவிடுவேன்.

அந்தப் பையன் வளர்ந்து ஆப்பிள் சாறு பிழியும் ஆலையில் சேர்ந்தான். ஹேடியைக் கட்டினான், மகளைப் பெற்றான், சொந்தமாகச் சின்ன வீடும் வாங்கினான். கஃப்லூன் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. மகளிடம், உன் பாட்டி நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். பண்ணையில் விடப்பட்ட பிள்ளை என்று தெரிந்தால் ஜனங்கள் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பார்வை மகள் கண்ணில் வந்துவிடக் கூடாது என்று இருந்துவிட்டார். ஆகவே கோர்டுலாவுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கோ ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. அடுப்பை அணைக்க மறந்தவன் பாரமாகிவிட்டான். பாரமானவனை அவன் பெயருக்குரிய ஊரில் கொண்டுபோய் விடுவார்கள்.

ரயிலில் எதிரே உட்கார்ந்ததும் கோர்டுலா தோள்பையிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்து இருவர் மடியிலுமாக விரித்தாள். இரண்டு வருஷமாக வல்சாண்டர் என்ற பெயரைத் துரத்திக்கொண்டிருந்தாள் அவள். மேற்கே வாலிஸ் மலைகளில் சாண்டர் என்று ஒருவன். அவன் பிள்ளைகள் நிலம் போதாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய்களைத் தாண்டிக் கிழக்கே வந்தார்கள். கஃப்லூனுக்கு மேலே, மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுவைத்த சரிவில் குடியேறினார்கள். வாலிஸ்காரன் சாண்டர் என்று பக்கத்துக்காரர்கள் கூப்பிட்டதுதான் பெயராக நின்றது. அதில் ஒருவன் வெனிஸுக்குப் போய் மிட்டாய்க்கடை வைத்தான். இன்னொருவன் ஒடெஸாவரைக்கும் போய் கேக் சுட்டான். ஒரு குடும்பம் முழுக்கக் கப்பலேறி அமெரிக்கா போயிற்று. கடைசியாக அவள் தாத்தா நூற்பாலைக்கு இறங்கி வந்தார். ஆண் வாரிசுகளை எல்லாம் பச்சை மையால் கோடு போட்டு இணைத்திருந்தாள். பெயரைத் தேடிப் போனவளுக்கு, அந்தப் பெயருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் கண்ணில் படவில்லை. அல்பினின் அம்மா அந்தக் காகிதத்தில் ஓரமாகச் சின்ன எழுத்தில் இருந்தாள். செத்த ஊர் என்ற இடம் காலியாக இருந்தது.

"எவ்ளோ தூரம் போயிருக்காங்க பாருங்கப்பா," என்றாள் கோர்டுலா.

"ஒருத்தனாவது அங்க இருக்கப் பிடிச்சு இருந்திருக்கானா?" என்றார் அல்பின். "எல்லாம் தப்பிச்சு ஓடினவனுங்க."

அவள் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அல்பின் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். கழிவறைக்குப் போகவேண்டும்போல் இருந்தும் அடக்கிக்கொண்டார். அடிக்கடி போகிற கிழவன் என்ற பேச்சு எதற்கு? அடுத்த ஸ்டேஷன் எது, எங்கே வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு முந்திக்கொண்டு சொன்னார். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும். அவளோ ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா என்று குழந்தையைத் தட்டிக்கொடுப்பவள் மாதிரி தலையாட்டினாள்.

ஸார்கன்ஸ் ஸ்டேஷன் வரும்போது கோர்டுலா எழுந்து கழிவறைக்குப் போனாள். வண்டி நின்றது. கதவு திறந்தது. அல்பின் தன்னை அறியாமல் பெட்டியோடு வாசலில் நின்றார். பிளாட்பாரத்துக்கு ஒரு படிதான். இறங்கினால் எங்கே போவது? வீட்டுச் சாவி இன்னொன்று மகளிடம் இருக்கிறது. பண்ணையிலிருந்தும் ஒரு தடவை ஓடியவர்தான் அவர். அம்மாவைத் தேடிப் போக, கஃப்லூன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சாலையில் அழுதுகொண்டு நின்றபோது பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அங்கே போவதற்காக ஓடினார், இன்றைக்குப் போகாமலிருப்பதற்காக. ஏறவந்த ஒரு பெண், இறங்குகிறீர்களா என்று கேட்டாள். அவர் வழிவிட்டு நகர்ந்தார். கதவு மூடிக்கொண்டது.

கோர்டுலா திரும்பிவந்து, ஏன் எழுந்து நிற்கிறீர்கள் என்று கேட்டாள். கால் மரத்துவிட்டது என்றார். பெட்டியைத் தான் வாங்கி மேலே வைக்கப் பார்த்து, கனம் தாங்காமல், இதற்குள் என்னதான் வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டார்.

கூர் நகரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவருக்குப் பிடித்த வால்நட் கேக்கைப் பெரிய துண்டாக வாங்கிக் கொடுத்தாள். காபியும் வாங்கினாள். சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அந்தக் கஃப்லூன் ஆளும் அல்பினைப் பண்ணையில் விடுவதற்கு முன்னால் ஸ்டேஷனில் நிறுத்தி ஒரு வறுத்த சாசேஜ் வாங்கிக் கொடுத்தார். தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது வேண்டுமா என்று அன்பாகக் கேட்டார். அதுவரைக்கும் அந்தப் பையனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து யாராவது கூடுதலாக அன்பு காட்டினால், அடுத்து எங்கே கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். கேக்கை மென்று மென்று முழுக்கத் தின்று முடித்தார். மிச்சம் வைத்தால் நன்றிகெட்டவன் என்பார்கள்.

மஞ்சள் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கஃப்லூனில் இறங்கியதும் எதிரே ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். பச்சைச் சன்னல் கதவுகள், சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி. வாசலில் லதீனா என்ற இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். ஊர் அலுவலகத்தில் எழுத்தர், கட்டடத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கோர்டுலா போனில் பேசியது அவளிடம்தான். மேஜை போட்டு, ஒயினும் மெல்லியதாகச் சீவிய உப்புக்கண்டமும் எடுத்து வைத்திருந்தாள். பாஸ்போர்ட்டில் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு எங்கிருந்தோ வருகிறவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை செய்வது அவர்கள் வழக்கம். வயசானவர்களுக்குப் புரியும்படி சத்தமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிற நல்ல பெண்.

"வாங்க ஐயா. இது அந்தக் காலத்துல ஏழை விடுதி. இப்ப மலையேற வர்றவங்க தங்குற மாதிரி நல்லா மாத்திட்டோம். உங்க ரூம் மாடியில, ரெடியா இருக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. வல்சாண்டர்னு ஊர்ல இப்ப ஒருத்தரும் இல்ல. நீங்கதான் எங்க ஆளு."

அல்பின் தொப்பியைக் கழற்றினார். குதிகால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். லதீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நான் வேலை செய்வேன். மாடு கறப்பேன், விறகு பொளப்பேன். கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன். படுக்கையை நனைக்க மாட்டேன்."

லதீனாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாதிச் சிரிப்போடு கோர்டுலாவைப் பார்த்தாள். கோர்டுலா, அப்பா ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று வாயெடுத்தவள், அவர் நிற்கிற விதத்தைப் பார்த்துவிட்டாள். தன் அப்பா அப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் அந்த உடம்புக்குள் நின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"அப்பா, யாருப்பா உங்களை அப்படிச் சொல்லச் சொன்னா?"

"அம்மா," என்றார் அல்பின். "பண்ணைக்காரங்க பாக்க வந்த அன்னிக்குத் தலை சீவிவிட்டுச் சொல்லிக்குடுத்தா. அப்புறம் அவளை இங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. இந்த வீட்டுக்குத்தான்."

பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. அவர் நின்றுகொண்டேதான் சொன்னார், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கோர்டுலா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக வெனிஸ் வரைக்கும் ஒடெஸா வரைக்கும் தேடியவளுக்கு, தன் அப்பா எங்கே வளர்ந்தார் என்று தெரிந்திருக்கவில்லை. அதை நினைக்க அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. லதீனா மெதுவாக, இப்போது சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, இங்கே கல்லறைகளைக் கொஞ்ச வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு மண்ணைச் சமன் செய்துவிடுவார்கள், பாட்டியின் இடம் எது என்று இப்போது காட்ட முடியாது என்றாள். அல்பின் தெரியும் என்று தலையாட்டினார். அவர் காத்துக்கொண்டிருந்தது வேறொன்றுக்கு. தன் பெட்டியை யார் மாடிக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்டுலாவுக்கு அப்போதுதான் அந்தப் பெட்டியின் கனம் உறைத்தது.

"உங்களை இங்க விட்டுட்டுப் போகத்தான் கூட்டிட்டு வந்தேன்னு நெனச்சீங்களாப்பா?"

"உன்மேல தப்பில்லம்மா. அடுப்பை அணைக்காதது நான்தானே."

அவள் எழுந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். இங்கே ஒரு ராத்திரிகூடத் தங்க வேண்டாம், அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பலாம் என்றாள். லதீனா உப்புக்கண்டத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்றாள். அந்தப் பெண் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்த காரியத்துக்கு அவள் என்ன செய்வாள்? அல்பின் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவசரமாகக் குலுக்கிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மனம் மாறி மறுபடி உள்ளே கூப்பிட்டுவிடுவார்களோ என்றிருந்தது அவருக்கு.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பஸ் வர நேரமிருந்தது. அல்பின் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சாலை வளைவையே பார்த்தார். பஸ் கண்ணில் படும்வரைக்கும் அவருக்கு எதிலும் நம்பிக்கையில்லை. கோர்டுலா உப்புக்கண்டப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு, மறைத்தால் இன்னும் கெட்டுப்போகும் என்று நினைத்தாளோ என்னவோ, உடைத்துச் சொல்லிவிட்டாள். இந்த ஊரில் விடுகிற எண்ணம் கனவிலும் இல்லை. ஆனால் வின்டர்தூரில், அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காத்திருப்பவர்கள் வரிசையில் அவர் பெயரைக் கொடுத்துவைத்திருக்கிறாள். இந்தப் பயணத்தில் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள்.

"பேரைக் குடுத்தாச்சா?"

"ஆமாப்பா."

அல்பின் தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி எடுத்து மடியில் வைத்தார். கோபம் வந்திருந்தது. வெகு நாளாக வராத கோபம். வந்ததே அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"என் பேரு எப்பவும் எனக்கு முன்னாடியே போய் நின்னுடுது," என்றார். "அன்னிக்கும் என்னை யாரும் கேக்கல. எங்கம்மாவையும் கேக்கல. இன்னிக்கு நீயும் கேக்கல. கேக்குறதுக்கு என்னம்மா கஷ்டம்?"

அந்தக் கரிச்சுவர் கோர்டுலாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை. அடுத்த தடவை சுவரோடு நிற்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. அவர் என்ன பதில் சொல்வார் என்றும் தெரியும். கேட்டுவிட்டால் அந்தப் பதிலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதும் தெரியும். அதனால்தான் இத்தனை நாளாகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அப்பா பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த இல்லத்துக்கு வர்றீங்களா?"

"மாட்டேன்."

சொன்னாரே தவிர, சொன்ன கையோடு அவருக்குக் கிலி பிடித்துக்கொண்டது. தன்னை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்களிடம் அவர் அந்தச் சொல்லை ஆயுசில் சொன்னதில்லை. பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று மகளின் வாயையே பார்த்தார். இன்னும் கஃப்லூனில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு வேறு வந்தது.

"சரிப்பா," என்றாள் கோர்டுலா.

அவ்வளவுதானா? அல்பினால் நம்ப முடியவில்லை. அவள் முகத்தை இடதும் வலதுமாகப் பார்த்தார். ஏமாற்றுகிற முகமாகத் தெரியவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கே இருக்க விருப்பம் என்று அவரை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவை கேளும்மா," என்றார்.